அசனத்தில் சிரிக்காமல் இருந்த குற்றம்

1

நேற்றோடு ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வருஷம் ஈஸ்டர் விடுமுறையில் ஒரு சாயங்காலம் என் மகன் ஆலன் அடுக்களைக்கு வந்து என்னிடம் ஒரு வாக்கியம் சொன்னான். அது முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியவில்லை. மீதிக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

இது புரியவேண்டுமானால் முதலில் எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லவேண்டும். அயர்லாந்தின் மேற்குக் கரையில், மூன்றே மூன்று சிக்னல் இருக்கிற ஒரு சின்ன டவுனில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறோம். என் மனைவி கிரேஸ் நர்ஸ். நான் நர்ஸின் புருஷன். இது கேலி இல்லை, விசா காகிதத்திலேயே ஏறக்குறைய அப்படித்தான் போட்டிருந்தது. நாகர்கோவிலில் ஒரு டுடோரியலில் தமிழ் நடத்திய எம்.ஏ. பட்டதாரி, இங்கே குளிர்பதனக் கிடங்கில் பட்டாணிப் பெட்டி அடுக்குகிறேன். பட்டாணிக்கு இலக்கணம் தேவைப்படாததால் என் தமிழ் முழுவதும் ஆலன் தலையில் இறங்கியது.

அவன் மூன்று வயதில் இங்கே வந்தவன். வினைச்சொற்களைப் பாதியில் விட்டுவிடுவான். "அப்பா, நான் போ" என்பான். "போகிறேன்" என்று நான் முடித்துவைப்பேன். "அப்பா, நான் சாப்" என்பான். "சாப்பிட்டேன். முழுசா சொல்லு மக்கா." இப்படி அவன் வாலில்லாமல் விட்ட சொற்களுக்கெல்லாம் வருஷக்கணக்காக நான்தான் வால் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மரச்சீனிக் கிழங்குக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஆலன் வந்து பிரிட்ஜைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"அப்பா, நான் கே" என்றான்.

"கேட்கிறேன்" என்றேன், திரும்பாமலே. "முழுசா சொல்லு. என்ன கேக்கணும்?"

"ஒண்ணும் கேக்கல. நான் கே."

"கேக்கல இல்ல, கேட்கவில்லை. எதிர்மறை."

"அப்பா! முழுசே அவ்வளவுதான்!"

துருவுவதை நிறுத்தினேன். தமிழில் ககரம் ஒன்றுதான், எழுதினாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அது என் குற்றமில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அது எந்தக் ககரம் என்று விளங்கிவிட்டது. பதினாலு வயதுப் பையன், காதுமடல் சிவந்து, கையில் ஒரு தயிர் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தனக்குப் பெண்களை அல்ல, ஆண்களைத்தான் பிடிக்கும் என்று அப்பாவிடம் சொல்ல எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பான்! நானோ எதிர்மறை வினை நடத்திக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் 'கிராண்ட்' என்பார்கள். மழை பெய்தாலும் கிராண்ட், டீ ஆறிப்போனாலும் கிராண்ட். சரி, நல்லது, பரவாயில்லை எல்லாம் அந்த ஒரு சொல்தான். என் வாயிலும் அதுதான் வந்தது.

"கிராண்ட்" என்றேன்.

"அப்பா, இது கல்யாண மண்டபம் இல்ல" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. தேங்காய்க் கையோடு அவனைக் கட்டிக்கொண்டேன். அவன் ஸ்வெட்டரிலிருந்து அந்தத் தேங்காயை எடுக்க கிரேஸுக்கு இரண்டு நாள் ஆனது.

பொய் சொல்லக்கூடாது, எனக்குப் பயம்தான். அவனைப் பற்றி இல்லை. ஊரைப் பற்றி, சபையைப் பற்றி, அவனை யாரும் ஒரு சொல் சொல்லிவிடுவார்களோ என்று. கிரேஸ் டியூட்டி முடிந்து வந்ததும் அவனே அவளிடம் சொன்னான். அவள் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, "சரி மக்கா, கை கழுவிட்டு வா, சாப்பிடுவோம்" என்றாள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏட்டி, ஒனக்கு முன்னயே தெரியுமா?"

"ரெண்டு வருசமா தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"அது எனக்க விசயம் இல்லியே. அவனுக்க விசயமாக்கும்" என்று மரச்சீனியைப் பரிமாறினாள்.

2

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஆலன் அங்கே ஓர் ஆசிரியையிடமும் சொல்லியிருக்கிறான். இந்த நாட்டில் மனிதன் தும்மினால்கூட ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கேள்வி: உங்கள் பிள்ளைக்கு வீட்டில் என்னென்ன ஆதரவு கிடைக்கிறது? கீழே பெரிய கட்டம். கட்டம் பெரிதாக இருந்தால் நிரப்பாமல் விட எனக்குக் கை வராது. எழுதினேன்: மூன்று வேளை சாப்பாடு, ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு, பல்லுக்குக் கம்பி.

கிரேஸ் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "பல்லுக் கம்பியா கேட்டாவ?"

"பின்ன வேற என்ன? கட்டிப்பிடிச்சதையெல்லாம் அரசாங்கத்துக்கு எழுதிக் குடுக்கவா?"

ஆசிரியை எங்களைக் கூப்பிட்டார். டை கட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஊர்க்காரர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று அவர் கவலைப்பட்டிருப்பார்போல. படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார். கடைசியில் "கிராண்ட்" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

3

ஜூலையில் ஊருக்குப் போவதாக இருந்தது. அங்கேதான் சிக்கல்.

கிரேஸின் அண்ணன் தங்கராஜ் மச்சான் நாகர்கோவில் பக்கம் கொட்டாரத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். ஆலனுக்கு உலகத்தில் அவரைவிடப் பெரிய ஆள் கிடையாது. பெயின்ட் கலக்கும் மெஷினை இயக்க விடுவார். ஸ்கூட்டரில் வைத்துக் கன்னியாகுமரி வரைக்கும் கொண்டுபோய்க் கடலைக் காட்டிவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் "மருமவனேய்!" என்று கூவினால் எங்கள் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நிற்கும். அந்த வீட்டில் ஆலனுக்கு ஆலன் என்ற பேரே இல்லை. மருமவன்தான்.

கூடவே ஒரு கேலியும் உண்டு. மச்சானின் ஒரே மகள் ஜெனி. பன்னிரண்டு வயது. "எனக்க மவளக் கட்டப்போறவனாக்கும்" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லுவார். எல்லாரும் சிரிப்போம். ஜெனி மட்டும் கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள். எங்கள் பக்கத்தில் முறைப்பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டிலும் நடக்கிற சங்கதிதான். யாரும் அதை நிஜமாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் யாரும் விடுவதுமில்லை.

டிக்கெட் போட்ட அன்று ஆலன் கேட்டான், "அப்பா, நெஃப்யூவுக்குத் தமிழ்ல என்ன?"

"தங்கச்சி பிள்ளைன்னா மருமகன்."

"சன்-இன்-லாவுக்கு?"

"அதுவும் மருமகன்தான்."

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா? யானைக்கு மட்டும் எத்தனை வார்த்தை சொல்லிக் குடுத்தீங்க!"

வேழம், களிறு, பிடி என்று நான் அவனைப் பாடாய்ப் படுத்தியது உண்மை. அவன் விடவில்லை.

"அப்போ நான் ஜெனியைக் கட்டலைன்னா, மாமாவுக்கு நான் யாரு?"

தமிழ் எம்.ஏ. இதற்கு உதவவில்லை. பிள்ளை கேட்டது இலக்கணம் இல்லை. தனக்கு மாமா இல்லாமல் போய்விடுவாரோ என்று கேட்கிறான்.

"சொல்லிரலாமா மக்கா, மாமாகிட்ட?"

"வேண்டாம். நான் சொல்லுவேன். எப்பன்னு தெரியாது. ஆனா ஒண்ணு. அந்த ஜோக் சொல்லும்போது எல்லாரும் சிரிக்கட்டும். நீங்க மட்டும் சிரிக்க வேண்டாம்."

இதைவிட எனக்கு வேறு எந்தக் கஷ்டத்தையும் அவன் கொடுத்திருக்க முடியாது. நான் சிரிக்கிற ஆள். சாவு வீட்டில் என்னைப் பின்வரிசையில்தான் உட்காரவைப்பார்கள். போட்டோவில் சிரிக்கிறேன் என்று என் பாஸ்போர்ட் விண்ணப்பமே இரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறது. ஆனாலும் சத்தியம் பண்ணினேன்.

வீட்டில் பயிற்சி நடந்தது. கிரேஸ் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் குரலில், "மருமவனேய்! எப்பம்டே எனக்க மவளக் கட்டுக?" என்பாள். தொப்பையைக்கூட அவரைப்போலவே தள்ளுவாள். முதல் மூன்று நாள் உருண்டு உருண்டு சிரித்தேன். நான்காவது நாள் பட்டாணிப் பெட்டிகளை நினைத்துக்கொண்டேன். ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, அதன்மேல் இன்னொன்று. ஊருக்குக் கிளம்பும்போது எந்தத் தூதரகமும் திருப்பி அனுப்பாத முகம் எனக்கு வந்துவிட்டது.

4

நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்த வாரம் சபையில் அசனம். ஊரே சேர்ந்து பொங்கி, ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. வெளியே சாரல். சபைக் கோயிலுக்குப் பக்கத்துப் பந்தலில் நானும் ஆலனும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஜெனி எதிர்வரிசையில். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துவர்த்துத் துண்டைச் சுற்றி, ஆட்டுக்கறி வாளியோடு வந்தார். ஆட்டுக்கறி வாளியை யார் கையிலும் கொடுத்துவிடமாட்டார்கள். அது பெரிய பதவி.

ஆலன் இலையில் ஒரு கரண்டி போட்டார். இன்னொரு கரண்டி போட்டார். பிறகு பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "நல்லா தின்னுடே மருமவனே! எனக்க மவளக் கட்டிக் காப்பாத்த வேண்டாமா?" என்றார்.

வரிசையே சிரித்தது. நான் பட்டாணிப் பெட்டிகளை அடுக்கினேன்.

மச்சான் என்னைப் பார்த்தார். இந்த இடத்தில் முதலில் சிரிக்கிறவன் நான்தானே. கேட்கவில்லைபோல என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னார். நான் ரசத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை, "என்ன மாப்ளே, நான் சொல்லுகது செரிதானே?" என்று நேராகவே கேட்டார்.

"கறி கொள்ளாம் மச்சான்" என்று கறியை மட்டும் புகழ்ந்தேன்.

மச்சான் கரண்டியை வாளிக்குள் போட்டார்.

"ஓ! அப்பிடியா காரியம்? அயர்லாந்துக்குப் போனதும் எனக்க மவ ஒங்களுக்குக் கொள்ளாம போயிட்டாளாக்கும்!"

எதிர்வரிசையிலிருந்து ஜெனி கத்தினாள், "எப்பா, எனக்குப் பன்னெண்டு வயசாக்கும்! சும்ம இரிங்க!"

அட கடவுளே! சிரித்தால் மகனுக்குத் துரோகம், சிரிக்காவிட்டால் மச்சானுக்கு அவமானம். இந்த மூளைக்கு இது முன்னாடியே தோன்றவில்லை பாருங்கள். எங்கள் ஊரில் அந்தக் கேலிக்குச் சிரிக்காமல் இருந்தால், பெண்ணை வேண்டாம் என்று சொன்னதாகத்தான் அர்த்தம். விளக்கம் சொல்லலாம் என்றால் அது என் விஷயமில்லை.

மச்சான் என் இலையைத் தாண்டிப் போனார். இடப்பக்கத்துக்காரருக்குக் கறி, வலப்பக்கத்துக்காரருக்குக் கறி, எனக்கு வெறும் சோறு. பின்னால் வந்த சாம்பார் வாளியும் தாண்டியது. வெட்டி வைத்த குழியில் ரசமும் வரவில்லை. கண்ணால் ஜாடை காட்டியிருக்கிறார், கிராதகன்! அயர்லாந்திலிருந்து இத்தனை கடல் தாண்டி வந்து, சொந்த ஊர் அசனத்தில் வெறும் சோற்றைப் பிசைந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஆலன் குனிந்து மெதுவாகச் சொன்னான், "சிரிச்சிருக்கலாம்ப்பா."

"நீதானடே சொன்ன?"

"சொன்னேன். நீங்க செய்வீங்கன்னு நெனைக்கல."

தன் இலையிலிருந்து பாதிக் கறியை என் இலைக்குத் தள்ளினான். பிறகு எழுந்துவிட்டான். பந்தியில் பாதியில் எழக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எச்சில் கையோடு பந்தலுக்கு வெளியே, அடுப்புப் பக்கம் போய்விட்டான். மச்சான் அங்கே வாளியை நிரப்பிக்கொண்டிருந்தார்.

இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். சாரலில் நனைந்துகொண்டே பையன் ஏதோ சொல்கிறான். கை ஆடுகிறது. மச்சான் வாளியைக் கீழே வைக்கிறார். என்ன சொன்னான் என்று பிறகு அவனே சொன்னான்: "மாமா, அப்பா ஜெனியை வேண்டாம்னு சொல்லல. நான்தான். ஜெனின்னு இல்ல, எனக்குப் பொண்ணுங்களையே கட்ட வேண்டாம். எனக்குப் பசங்களைத்தான் பிடி." அந்தச் சொல்லையும் பாதியில்தான் விட்டிருக்கிறான். முடித்துவைக்க நான் பக்கத்தில் இல்லை. அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை.

மச்சான் "நீ போய்ச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னார். அடுத்த பந்திக்கு ஆட்டுக்கறி வாளியை வேறு யாரோ தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

5

நாங்கள் தங்கியிருந்தது மச்சான் வீட்டில்தான். யோசித்துப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் அவர் கிரேஸைத் தனியாகக் கூப்பிட்டார். நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் துணி மடிப்பதுபோல நின்றேன்.

"பிள்ளைய டாக்டர்கிட்ட காட்டினியா?"

"எதுக்கு? அவனுக்குச் சளிகூட இல்ல."

"அந்த ஊரு தண்ணி ஒத்துக்கல்லியோ?"

"அண்ணே, நான் நர்ஸாக்கும். தண்ணிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பொறப்பு அப்பிடி. நம்ம பிள்ள நம்ம பிள்ளதான். வேற எதாம் கேக்கணுமா?"

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் மோசம். மறுநாள் காலையில் ஆப்பம் சாப்பிடும்போது, "ஆலன், இன்னும் ஒண்ணு வைக்கட்டா?" என்றார். மத்தியானம், "ஆலன், மழை வருது, உள்ள வா" என்றார். கூவவில்லை, கேலி செய்யவில்லை, மிகவும் மரியாதையாக, பேங்க்கில் டோக்கன் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். இரண்டு நாள் அப்படியே ஓடியது.

இரண்டாவது நாள் மத்தியானம் ஆலன் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். ஜெனி பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள், கொஞ்சம் பலமாகவே.

"திட்டினாரா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா" என்றான். "ஆலன்னு கூப்பிடுறாரு."

6

எனக்குக் கோபம் வந்தால் செருப்பு மாறிவிடும். ஒரு காலில் என் செருப்பும் மறுகாலில் கிரேஸ் செருப்புமாகப் பெயின்ட் கடைக்கு நடந்தேன். மச்சான் கல்லாவில் இருந்தார். ஒருத்தர் கலர் அட்டையை வைத்துக்கொண்டு இரண்டு நீலத்துக்கு நடுவே திணறிக்கொண்டிருந்தார்.

"மச்சான், எனக்க பிள்ளைய ஏன் பேரு சொல்லிக் கூப்பிடுதிய?"

கலர் அட்டைக்காரர் திரும்பிப் பார்த்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கு ஒருத்தன் சண்டைக்கு வந்து நிற்பதை அவர் அன்றுதான் பார்த்திருப்பார்.

மச்சான் என் செருப்பைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "பின்ன என்ன சொல்லிக் கூப்பிட?" என்றார். "மருமவனேன்னு கூப்பிட்டா, மாமா இன்னும் கேலி செய்யாருன்னு பிள்ளைக்கு வெசனமா இருக்காதா? வேற என்ன சொல்லிக் கூப்பிடலாம்னு ரெண்டு நாளா யோசிக்கேன். ஒண்ணும் வரமாட்டேங்கு."

கொண்டுவந்திருந்த வசவையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பெயின்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்தேன்.

"மாப்ளே, ஒளிக்கதுக்கு ஒண்ணுமில்ல, இந்தக் காரியம் எனக்கு இன்னும் மண்டையில ஏறல்ல. ஏறும்போது ஏறட்டும். ஆனா ஒண்ணு கேளும். அவன் பொறந்த அன்னைக்கி ஆஸ்பத்திரில நர்ஸு துணில சுத்திக் கொண்டுவந்து எனக்க கையிலதான் தந்தா. வா மருமவனேன்னு அப்பவே கூப்பிட்டேன். அன்னைக்கி எனக்கு மவ இருந்தாளா? எனக்குக் கல்யாணமே ஆகல்ல ஓய்! ஜெனிக்காகக் கூப்பிட்டதில்ல அது. எனக்கு அந்தப் பேர விட மனசில்ல. வச்சுக்கிடட்டா வேண்டாமான்னு நீரே அவன்கிட்ட கேட்டுச் சொல்லும்."

"நான் கேக்கமாட்டேன்" என்றேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. "நீங்களே கேளுங்க."

கிரேஸின் போனுக்கு அடித்து, ஆலனிடம் கொடுக்கச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன். மச்சான் விரலில் இருந்த பெயின்டை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். கலர் அட்டைக்காரர் அட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"மருமவனே" என்றார். கூவவில்லை, மெதுவாகத்தான்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று மச்சான் என்னைப் பார்த்தார்.

"என்ன மாமா?" என்றான் ஆலன்.

கேட்க நினைத்தது எதையும் மச்சான் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்ல மக்கா" என்றார். "சும்ம கூப்பிட்டதாக்கும்."